முப்பத்தொரு ஃபிரேம்

புதிதாகக் கட்டிய கணினி மெதுவாக ஓடினால் கோபப்படக் கூடாது. கோபத்தில் இரண்டு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிடுவோம். பிறகு எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்று முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதி வைக்க வேண்டும். ஒன்பது வருடமாக மென்பொருள் சோதனை செய்கிறவன் நான். எனக்குச் சோறு போட்டது இந்தப் பழக்கம்தான்.

நீங்கள் எடுத்துச் சென்ற நோட்டில் இருப்பதும் அதுதான், சார். பைத்தியக்காரன் கிறுக்கியது என்று உங்கள் ஆட்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. தேதி போட்டு, மணி போட்டு, கோடு கிழித்துக் கிறுக்குகிற பைத்தியக்காரனை நான் பார்த்ததில்லை.

அந்தக் கணினியை அண்ணனுக்காகத்தான் கட்டினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் இருபத்திரண்டு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். முகமூடி எரிச்சலாக இருக்கிறதென்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே அடித்தவர். நுரையீரல் போய்விட்டது. கடைசி ஒன்றரை வருடமும் ஆக்ஸிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, பக்கத்து அறையில், என் அறைச் சுவரை ஒட்டிய கட்டிலில் கிடந்தார். குளியலறைக்குப் போய் வருவதே அவருக்கு மலையேறி இறங்குகிற மாதிரி. கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று போட்டுக் கொடுத்தால் படுத்த இடத்திலிருந்தே ஊர் சுற்றுவாரே என்று நினைத்தேன். பாகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நானே பூட்டினேன்.

முதல் நாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, மடியில் சின்ன சிலிண்டரோடு என் அறைக்குத் தள்ளி வந்தோம், நானும் அண்ணியும். திரையில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது.

“இந்தச் சிவப்ப எவன்டா கலந்தான்? வெயில்ல நிறுத்தினா ஆரஞ்சு அடிக்கும்” என்றார் அண்ணன்.

அது வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கார் கிளம்பியது. திக்கியது. நின்று, குதித்து, மறுபடி திக்கியது.

“என்னடா இஞ்சினியர், உன் காருக்கு விக்கலா? ஒரு வாய் தண்ணி குடுடா அதுக்கு.”

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

ஒரு நொடிக்குள் திரையில் எத்தனை படங்கள் மாறுகின்றன என்பதுதான் ஃபிரேம். அறுபது இருந்தால் கண்ணுக்குச் சுகம். அந்தப் படங்களை வரைந்து தருவதற்கென்றே நான் தனியாகப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டுக்கு நூறு தாண்ட வேண்டும். வந்தது முப்பத்தொன்று.

அடுத்த ஐந்து வாரம் நான் செய்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்தக் கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன்: முப்பத்தொன்று. நினைவகப் பட்டைகளைக் கழற்றி இடம் மாற்றினேன்: முப்பத்தொன்று. சூடு ஏறுகிறதா என்று பெட்டியைத் திறந்து போட்டு, மேசை விசிறியை அதற்கு நேராக வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன்: முப்பது, முப்பத்தொன்று, முப்பத்தொன்று. விண்டோஸை மூன்று தடவை துடைத்துப் போட்டேன். அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் காபியை ஆற்றியபடி அண்ணி கேட்பார், “தம்பி, வண்டி ஓடுதா?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வரும், “அது இன்னும் ஒர்க்‌ஷாப்ல கிடக்கு.” ஆளுக்கொரு கேலி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சோதனைக்கு உட்காருவேன்.

இணையத்தில் முகம் தெரியாத ஒருவர், வீட்டு மின்சாரத்தைப் பார் என்றார். மின்னழுத்தம் காட்டும் ஒரு கருவியை வாங்கிச் செருகினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எண் இறங்கி ஏறியது. யாரோ என் மின்சாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் ஐந்து வாரத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

வீட்டில் ஓடுவதை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் ஃபிரிட்ஜ், பால் திரிந்தது. பிறகு தண்ணீர் மோட்டார். அண்ணி குளிக்காமல் வேலைக்குப் போனார். பிறகு கூடத்திலிருந்த மீன் தொட்டியின் காற்றுக் குழாய். மூன்று ஓட்டம் முடித்துவிட்டு அதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். நான்கு மீன்களும் மிதந்தன. தீனி கெட்டுப்போயிருக்கும் என்று சொன்னேன்.

அண்ணன் நம்பவில்லை. “மூச்சு முட்டிச் செத்திருக்குடா. வாயைப் பாரு. எனக்குத் தெரியாதா அது?”

மிச்சமிருந்தது ஆக்ஸிஜன் மெஷின் மட்டும்தான். அதை நான் கடைசியாக வைத்திருந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்மேல் அக்கறை இல்லாதவன் அதிலிருந்துதான் ஆரம்பித்திருப்பான்.

முறைப்படி அனுமதி கேட்டேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாமா என்றேன்.

“டேய், ஃபிரிட்ஜ் முடிஞ்சுது, மீன் முடிஞ்சுது, இப்ப நானா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கையை ஆட்டினார். வேண்டாம் என்பதற்கும் போய்த் தொலை என்பதற்கும் ஒரே மாதிரிதான் கையை ஆட்டுவார் அண்ணன். சிரித்ததை மறுப்பு என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. நோட்டில் ‘ஒப்புதல்’ என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணி பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனார். பத்தே முக்காலுக்கு அண்ணன் கண்ணயர்ந்தார். மின்சாரம் போனால் அந்த மெஷின் கூவும். கூவுவதற்கென்றே உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. தூங்குகிற மனிதர் பதறி எழுந்துவிடக் கூடாதே என்று அதை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தேன். சிலிண்டரைப் பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். யோசித்தேன். ஆனால் சிலிண்டர் மாட்டினால் அவர் விழித்து, ஏன் எதற்கு என்று கேட்டு, பேச்சு வளரும். சோதனை நேரத்தில் வீட்டில் வேறெதுவும் மாறக் கூடாது.

பதினொரு மணிக்கு அந்த இணைப்பை மட்டும் அணைத்தேன்.

பந்தயத்தின் ஒரு சுற்று பதினொரு நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் குழாய் இல்லாமல் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஓட்டம் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் மெஷினைப் போட்டு அணைக்கலாம்தான். ஆனால் அது கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும். அடுத்த ஓட்டத்தின் நிலைமை மாறிவிடும். மூன்றையும் ஒப்பிட முடியாது.

முதல் ஓட்டத்தின் நான்காவது நிமிடத்தில் சுவரில் தட்டல் கேட்டது. கத்திக் கூப்பிட மூச்சு இல்லாததால் வேண்டியதைச் சுவரில் தட்டித்தான் கேட்பார். பதினேழு தட்டல்கள். எண்ணினேன், ஓரத்தில் எழுதினேன். வழக்கமாக இரண்டு தட்டுவார். ஃபிரேம் முப்பத்தொன்று.

இரண்டாவது ஓட்டத்தில் தட்டல் ஐந்து. தட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது, உரசல். முப்பத்தொன்று.

இந்த இடத்தில் உங்கள் நிபுணரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று அவர் வீட்டுக்கு வந்தார். என்னையும் விலங்கோடு பக்கத்தில் நிறுத்தினீர்கள். அவர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். “யாருங்க இதப் பூட்டினது?” என்றார். திரையின் வயரை நான் தாய்ப்பலகையின், அதாவது மதர்போர்டின், துளையில் செருகியிருந்தேன். நான்கு விரற்கடை கீழே கிராபிக்ஸ் கார்டின் துளை சும்மா கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார்டுக்கு ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை. பிடுங்கி மாற்றிச் செருகினார். நூற்று நாற்பத்திரண்டு. சிவப்புக் கார் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போனது. நீங்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ‘வயர்கள்: சரி’ என்று இருக்கும். சரி என்று குறித்ததை மறுபடி சோதிப்பதில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். இல்லாவிட்டால் எந்த வேலையும் முடியாது. ஒரு டிக் தவறிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் நிபுணர் மூன்றாவது ஓட்டத்தை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. பதினொன்று இருபத்திரண்டுக்கு ஆரம்பித்தேன். தட்டல் இல்லை. உரசல் இல்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தேன். முப்பத்து நான்கு.

இத்தனை நாளில் முதல் முறையாக அந்த எண் மேலே ஏறியது. முதலில் அண்ணனிடம் சொல்லத்தான் ஓடினேன். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. விரல் முட்டியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அப்புறம்தான் மெஷினைத் திரும்பப் போட்டேன்.

அண்ணனைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மூன்று ஃபிரேம் தற்செயல் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிற வரியை மட்டும் அடித்துவிடுங்கள், சார். அது என் அண்ணன் எனக்காக விட்டுக்கொடுத்தது.