சுவர் இடிந்த நாளில் கொரில்லாவின் முன் அமர்ந்து பசியாறிய எனங்கா அம்மையாருக்கு

மலைமழையும் கடற்காற்றும் மாறிமாறி வந்து மோதும் எங்கள் மொகுண்டா விலங்கினப் பூங்காவின் தலைமைக் காப்பாளரே! தாயிழந்த குட்டிகளின் தாயே! அடங்காத விலங்கை அன்பால் அடக்கி, அடங்கி நின்ற எங்களை மட்டும் அயராது அதட்டிய அம்மையே! எனங்கா லியோங்கா அம்மையாரே, வணங்கி மகிழ்கிறோம்!

வேட்டைக்காரரிடமிருந்து மீட்ட சிம்பன்சிக் குட்டியை மார்போடு கட்டிக்கொண்டு தாங்கள் சந்தைக்குப் போன காலம் இந்த ஊருக்கே தெரியும். மீன் விற்கும் பெண்கள் விடுவார்களா?

"எனங்கா, இந்தப் புள்ளைக்கு அப்பன் யாருடி?"

"உன் புருஷனைக் கேளு, மூக்கு அப்படியே இருக்கு!"

அந்தச் சிரிப்பில்தான் காட்டு விலங்கின் கறியை விற்ற சந்தை, குட்டிகளுக்கு வாழைப்பழம் கொடுத்தனுப்பும் சந்தையாக மாறியது.

பெருமழையில் கொரில்லாக் கொட்டடியின் சுவர் இடிந்த நாளை எப்படி மறப்போம்! கூட்டத்தின் தலைவனான எகும்பே வெளியே வந்து நடைபாதையில் நின்றான். எதிரே உணவுக்கூடத்தில் பார்வையாளர்கள் சிக்கியிருந்தனர். மயக்க ஊசி போட்டால், மருந்து ஏறுமுன் அவன் வெறிகொண்டு பாய்வான். சுட்டுவிட மேலிடத்து உத்தரவோடு படைவீரர்கள் வந்து நின்றனர். தாங்களோ அவர்களுக்கும் அவனுக்கும் நடுவே நடந்துபோய், சேற்றில் சம்மணமிட்டு, மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள்.

"அம்மா, எந்திரிங்க! இது சாப்புடுற நேரமா?" என்று அலறினான் ஒரு வீரன்.

"பசிக்குது தம்பி. துப்பாக்கியக் கீழ வச்சிட்டு நீங்களும் உக்காருங்க. நின்னுகிட்டே இருந்தா, சண்டைக்கு வந்திருக்கோம்னு நெனப்பான்."

உட்கார்ந்தார்கள்! எகும்பே மார்பில் அறைந்து பாய்ந்து வந்தான். தாங்கள் தலைநிமிரவில்லை. அவித்த வாழைக்காயை மென்றபடி, கொரில்லாக்கள் நிறைவாய் உண்ணும்போது எழுப்பும் அந்த மெல்லிய முனகலைத் தொண்டைக்குள் எழுப்பினீர்கள். கைக்கெட்டும் தொலைவில் நின்ற அவன், சற்று நேரத்தில் அதே முனகலைத் திருப்பித் தந்தான். பிறகு தாங்கள் எழுந்து திரும்பிப் பாராமல் கொட்டடிக்குள் நடக்க, அவன் பின்னாலேயே வந்தான். உள்ளறைக்குள் அவனை விட்டு, தாங்கள் பக்கவாசல் வழியே வெளியேற, இரும்புக் கதவுகளை இழுத்துச் சாத்தினோம். அப்போதுதான் தாங்கள் எங்கள் பக்கம் திரும்பி அதட்டினீர்கள்:

"வாயப் பொளந்துகிட்டு நிக்காதீங்க, யாராச்சும் தண்ணி குடுங்க!"

உயிரோடு தப்பிய அந்த எகும்பேவுக்குப் பிறந்த மகளே இப்பூங்காவில் பிறந்த முதல் கொரில்லா! அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்குகளுக்கு இங்கே தொட்டில் உண்டு என்று நாங்கள் தலைநிமிர்ந்து சொல்வது தங்களால் அல்லவா!

சென்ற வாரம் வனக்காவலர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தாங்கள் வளர்த்துக் காட்டில் விட்ட கருமுகத்து ட்ரில் குரங்கு, முதுகில் தன் குட்டியைச் சுமந்து போவதைக் கண்டாராம். நாங்கள் ஆர்ப்பரித்தோம். தாங்கள் கேட்டது ஒன்றே: "தாய்க்காரி இளைச்சிருந்தாளா?"

"இல்லம்மா, நல்லா கொழுகொழுன்னு இருந்தா."

அன்று தங்கள் முகத்தில் மலர்ந்த நிறைவு, இனிவரும் நாளெல்லாம் நிலைத்திருக்கட்டும்! உடலில் வலுவும் உள்ளத்தில் களிப்பும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க அம்மையே!

தங்களிடம் திட்டு வாங்கியதைப் பெருமையாய்ச் சொல்லித் திரியும்,
மொகுண்டா விலங்கினப் பூங்காப் பணியாளர்கள்