இல்லாத முதலைக்கு ஒரு பலகை

நடுக்கதிரையில் அமர்ந்து, என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வாசகர் வட்டத் தலைவர் தங்கரத்தினம் ஐயா அவர்களே! ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! குசினி வேலையைப் பாதியில் விட்டு வந்த தாய்மார்களே! கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்து, கடைசி வரிசைதான் தமக்குரியது என்று தாமாகவே போய் அமர்ந்துவிட்ட, மட்டிச் சிப்பி எடுக்கும் சகோதரிகளே! முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் அதிகாரி அவர்களே! லிங்கநகர் சிந்துஜனின் வணக்கமும் ஸலாமும் உங்கள் எல்லோருக்கும்.

அமெரிக்கச் சிற்றூர்களின் விந்தை விலங்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார் தலைவர். தேடினேன், படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு வரவில்லை. பொறாமை வந்தது. வயிறு பற்றியெரிகிற பொறாமை!

அங்கே ஒரு சிற்றூர். செட்டை முளைத்த, செந்தணல் கண்களுடைய மனிதனைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். பிடித்தார்களா? இல்லை. தொட்டார்களா? இல்லை. ஆனாலும் அவனுக்குச் சிலை! ஆண்டுதோறும் திருவிழா! வேறு ஊர்களில் காட்டுக்குள் உலவும் பெருங்கால் மனிதன். அவனுடைய காலடித் தடம் என்று ஒன்றைச் சாந்தில் வார்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் காத்து வைத்திருக்கிறார்கள்.

என் மச்சாள் கௌசிகா அந்த நாட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய ஊர் ஏரிக்குள் நீண்ட கழுத்துப் பிராணி ஒன்று வாழ்கிறதாம். கரையில் ஊர்ச்சபை நட்ட பலகையைப் படமெடுத்து அனுப்பினாள்: ‘கவனம்! இங்கே எங்கள் பிராணி வசிக்கிறது.’

“உண்மையாவே அப்பிடி ஒண்டு கிடக்கோ மச்சாள்?”

“ஒருத்தரும் காணேல்லையடா. ஆனா அந்தப் பலகையைப் பாக்கவே பஸ் பஸ்ஸா சனம் வருது.”

அந்தப் பலகையின் மீதுதான் ஐயா, எனக்குப் பொறாமை!

ஒரு பலகைக்குப் போயா என்று பின்னாலிருந்து ஓர் அண்ணர் கேட்கிறார். ஓம் அண்ணை, ஒரு பலகைக்குத்தான். கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் நஜ்முன் நிஸா. என் கூட்டாளி இன்பாஸின் தாயார். எனக்கு மாமி. கிண்ணியாவின் களப்பில், கடல் உள்ளே புகுந்து தேங்கும் அந்த ஏரியில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் காலால் துழாவி மட்டி எடுத்தவர். கலங்கிய தண்ணீரில் கண்ணால் என்ன பயன்? அவருக்குக் கால்தான் கண். சென்ற மாரியில் அந்தக் கண்ணை ஒரு முதலை பிடுங்கிக்கொண்டு போனது.

முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாமி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. மற்றப் பெண்களுக்காகத் துறையில் ஓர் எச்சரிக்கைப் பலகை, தண்ணீருக்குள் ஒரு கம்பி வேலி, இவ்வளவுதான் கேட்டார். அலுவலகத்துக்கு இன்பாஸும் நானும் கூடப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமலே சொன்னார்:

“அந்தக் களப்பில முதலை இல்லை. பெரிய மீன் ஏதும் கடிச்சிருக்கும்.”

“மீனுக்குக் காலிருக்கா சேர்? அதுக்கு நாலு காலும் இருந்திச்சி. எனக்குத்தான் ஒண்டு இல்லாமப் போச்சி.”

சிரிக்காதீர்கள்! அன்று அவரும் இப்படித்தான் சிரித்தார்.

“முதலை எண்டு பலகை வைச்சா வெளிநாட்டுக்காரர் வருவினமோ, அம்மா? ஊரின்ர பேர் கெட்டுப்போகும். நீங்களா வைச்சாலும் கழட்டுவம்.”

கேட்டீர்களா சபையோரே! அங்கே இல்லாத மிருகத்தைக் காட்டிச் சனத்தைக் கூப்பிடுகிறார்கள். இங்கே இருக்கிற மிருகத்தை மறைத்துச் சனத்தைக் கூப்பிடுகிறார்கள். அங்கே எவனும் காணாத காலுக்குக் கண்ணாடிப் பெட்டி. இங்கே ஊரே கண்ட காலுக்கு ஒரு பலகைகூட இல்லை! நான் பொறாமைப்படாமல் வேறு யார் படுவது? இன்று அதே தண்ணீரில் மாமியின் மருமகள் றஹ்மா இறங்குகிறார். நாளைக்கும் இறங்குவார். இறங்காவிட்டால் அந்த வீட்டில் உலை ஏறாது.

யாரந்த அதிகாரி என்றா கேட்கிறீர்கள்? பெயர் சொல்லமாட்டேன். முன்வரிசையில் தண்ணீர்ப் போத்தலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும்.

தலைவர் ஐயா, மணியடிக்க வேண்டாம், முடிக்கிறேன். முதலை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஏற்றுக்கொள்கிறோம்! இல்லாத விலங்கு என்றால் அது கட்டுக்கதை. கட்டுக்கதைக்குப் பலகை வைக்க எவருடைய அனுமதி வேண்டும்? அமெரிக்கச் சிற்றூரான் வைக்கலாம், கிண்ணியாக்காரர் வைக்கக் கூடாதா? வெளியே இன்பாஸின் ஓட்டோவில் பலகை தயாராக இருக்கிறது: ‘இங்கே ஒரு விந்தை விலங்கு வாழ்கிறது. அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியாது. கால்களைத் தின்னும்.’

சிறப்பு விருந்தினர் அவர்களே, நாளைக் காலை அந்தப் பலகையை நீங்களே நட்டுத் திறந்து வைக்க வேண்டும். கரையில் அல்ல. மாமி நின்ற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில். காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்குங்கள். முதலைதான் இல்லையே!

என்ன ஐயா, தலையை ஆட்டுகிறீர்கள்? ஏலாதா? இறங்க ஏலாதா?

சபையோரே, பார்த்துக்கொள்ளுங்கள்! கேட்டுக்கொள்ளுங்கள்! களப்பில் முதலை இருக்கிறது என்று இந்த மண்டபத்தில், இத்தனை பேர் முன்னிலையில், அதிகாரி ஒப்புக்கொண்டுவிட்டார்! இனிக் கேள்வி ஒன்றுதான். வேலி எப்போது?

பதிலை அவரிடம் விட்டுவிட்டு இறங்குகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நாளைக்குத் தண்ணீரில் இறங்கும் கால்கள் எல்லாம் கரையேறட்டும். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.