மாமா திருத்திய வரைபடம்

"இந்தப் படத்துல சிதம்பரம் நடுக்கடல்ல இருக்குது, மச்சான்!"

யுத்த காலம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெரியவர் மடியில் விரித்த வரைபடத்தைக் காட்டிச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரன் வரைந்ததன் அச்சு நகல். யாரோ துரை ஊரைவிட்டுப் போனபோது அவர் சாமான்களை ஏலம் விட்டதில் பெரியவர் எடுத்தாராம். படத்தில் கரையோரம் ஒரு திமிங்கிலம் கப்பலை விழுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர் சிரிக்கவில்லை. "சுருட்டி வைங்க மாமா. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போலீஸ் ஏறிப் பாக்குறாங்க. ஜப்பான்காரனுக்கு வேவு பாக்குறோம்னு புடிச்சிக்கினு போயிடுவாங்க."

"இத வச்சா? ஒரு ஊரும் அது எடத்துல இல்லியே. பாத்தா சிரிப்பாங்க."

"அப்ப இந்த பென்சில் கோடெல்லாம் என்னா?"

"இவ்ளோ தப்பா இருக்குதேன்னு மனசு கேக்கல. வெள்ளாறு, ரயில் பாலம், ஸ்டேஷன் எல்லாத்தையும் நான்தான் சரியா போட்டேன்."

வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றது. பக்கத்துப் பெட்டியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பெரியவர் கட்டைவிரலை எச்சிலில் நனைத்துப் படத்தைப் பரபரவென்று தேய்த்தார்.

"ஐயோ மாமா, திமிங்கிலம் கெடக்கட்டும்! பாலத்த அழிங்க!"