வாலில் வெட்டிய துண்டு

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்று. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மீன் பதப்படுத்தும் கம்பெனியில், வந்திறங்கும் சரக்கிலிருந்து பரிசோதனைக்கு மாதிரி வெட்டிக் கொடுக்கும் வேலையைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பதால் ஆட்கள் என்னை ‘டாக்டர்’ என்று கேலி செய்வார்கள். படித்தது பத்தாம் வகுப்பு. முதியோர் இல்லத்தில் மீன் சாப்பிட்டு ஒருவர் இறந்த வழக்கில் ஜெயிலில் இருக்கும் சமையற்காரி என் கூடப்பிறந்த அக்கா. அவர் மேல் தவறில்லை.

சூரை மீனில் ஹிஸ்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சரக்கை வெளியே விடுவார்கள். அது நம் உடம்பிலும் கொஞ்சம் உண்டு, கொசு கடித்த இடம் தடித்து அரிப்பது அதனால்தான் என்று பரிசோதனைக் கூடத்து அம்மா சொல்லியிருக்கிறார். மீன் குளிரில்லாமல் கிடந்தால் கிருமிகள் அதை ஏராளமாக உண்டாக்கிவிடும். அளவு மீறினால் அது விஷம். நாற்றம் வராது, கொதிக்க வைத்தாலும் போகாது. தலைக்குப் பின்னால் அதிகமாகவும் வால் பக்கம் குறைவாகவும் இருக்கும் என்பதால், தலைக்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. சேர்ந்த முதல் மாதம் அப்படித்தான் வெட்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, “நல்ல துண்டுல கத்திய வெச்சா எவன்யா வாங்குவான்? வால்ல வெட்டு, அதுவும் மீன்தானே” என்றார். அதன் பிறகு வாலில்தான் வெட்டினேன். துண்டுகளாகப் பையில் போவதால், எந்தப் பக்கத்துச் சதை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

இந்த மாதம் மூன்றாம் தேதி வந்த சரக்கில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் வாலில்தான் வெட்டினேன், சரக்குத் தேறிவிட்டது. ஐந்தாம் தேதி அதில் ஒரு பெட்டி இல்லத்துக்குப் போய், அக்கா அதை இறக்கியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துச் சமைத்து மதியம் பரிமாறி, அதன் பிறகு அரை மணி நேரத்துக்குள் பதினெட்டுப் பேருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, அதன் பிறகு மூச்சிரைப்புள்ள பழைய தபால்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துவிட்டார். அவருக்குக் கை நடுங்கும் என்று அக்காதான் முள் எடுத்து ஊட்டியிருக்கிறார்.

அன்று மாலை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். நான் வாலில் வெட்டும் கதையை எப்போதோ அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

“டேய், இதையும் வால்லதான் வெட்டுனியா?”

“ஆமாக்கா.”

“சரி, வாயத் தொறக்காத. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு போலீசில், மீனை ராத்திரி முழுக்க வெளியிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அது பொய். குளிர்பெட்டியில் வைத்ததைக் கூட வேலை செய்யும் பெண் பார்த்திருக்கிறார். நான் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். சோறும் இறங்கியது. நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை மேனேஜர், அதிகாரிகள் சொல்லி நிறுத்தி வைத்திருந்த அதே சரக்கின் மீதி நாற்பத்திரண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். “சமையக்காரம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நம்ம ரிப்போர்ட் சுத்தமா இருக்கு, ஏத்துங்கப்பா” என்றார். வண்டி பத்தேகாலுக்குக் கிளம்பியது. நான் நேராக இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். வந்ததும் இதைத்தான் முதலில் சொல்ல வாயெடுத்தேன். பெயரிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் செல்லும் என்று எழுதுகிற அய்யா சொன்னதால் கடைசியில் சொல்கிறேன். வண்டி போவது இரண்டு பள்ளிக்கூடங்களின் சமையலறைக்கு. இப்போது மணி பன்னிரண்டு இருபது.

சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம், கேட்காமலே கையெழுத்துப் போடுகிறேன். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுங்கள்.

(ஒப்பம்)