மாஸ்டரும் மேஸ்திரியும் ஒரு வயித்துப் பிள்ளைக

சூசைமேரி: ...அதெல்லாம் இருக்கட்டும். வேண்டாம்னு சொல்லிட்டீங்களா, இல்லையா?

பங்கிராஸ்: சொல்றதுக்குத்தானே மேரி போனேன்.

சூசைமேரி: போனீங்க. சொன்னீங்களா?

பங்கிராஸ்: மொதல்ல கொஞ்சம் தண்ணி குடு. ஆவூர் கோயில்லேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள எனக்குப் பத்து வயசு கூடிருச்சு.

சூசைமேரி: இந்தாங்க. மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு?

பங்கிராஸ்: சாமியார் பங்களாவுல ஒன் வீட்டுக்காரனை உரிச்சுத் தொங்கவிட்டாச்சு. நல்லாப் படிச்சவன்னு பேரு வேற.

சூசைமேரி: யாரு உரிச்சது? அடைக்கலசாமி மேஸ்திரியா?

பங்கிராஸ்: அவரு எதுக்கு? நானே உரிச்சுக் குடுத்தேன். வேற ஆளே தேவைப்படல.

சூசைமேரி: வெவரமாச் சொல்லுங்க. எனக்குக் கொழம்பு அடுப்புல இருக்கு.

பங்கிராஸ்: பங்களாவுல ஓடு மாத்துற வேலை நடக்குது. நான் நேரா சாமிகிட்ட போயி, "சாமி, அடைக்கலசாமி மேஸ்திரி தன் மகன் சவரிராசுக்கு நம்ம ஜெபமாலையைக் கேட்டு ஆள் விட்டிருக்காரு. எனக்கு இஷ்டமில்ல. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க"ன்னேன்.

சூசைமேரி: சரி...

பங்கிராஸ்: என்ன சரி? அப்பனும் மகனும் என் தலைக்கு மேல ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மேல கேட்டிருக்கு.

சூசைமேரி: அய்யோ, மாதாவே! நீங்க நிமிந்து பாக்கலையா?

பங்கிராஸ்: வாத்தியாருக்குக் குனிஞ்சு பாத்துத்தானே பழக்கம்.

சூசைமேரி: மாஸ்டர்னு சொல்லுங்க. வாத்தியார்னா ஒங்களுக்குத்தான் கோவம் வருமே.

பங்கிராஸ்: அதுலதான் வந்துச்சு வினை. "ஏன் இஷ்டமில்ல?"ன்னு சாமி கேட்டாரு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "ஒரு மாஸ்டர் மகளை மேஸ்திரி வீட்டுக்கு எப்படி சாமி அனுப்புறது?"ன்னேன்.

சூசைமேரி: ஏன், அவுக நமக்கு மொறைக்காரங்கதானே? சவரிராசுக்கு என்ன கொறை? குடிக்கிறானா, ஊரு சுத்துறானா?

பங்கிராஸ்: இப்பப் பேசு. நேத்து வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்த.

சூசைமேரி: நீங்க எங்க பேச விட்டீங்க? சரி, சாமி என்ன சொன்னாரு?

பங்கிராஸ்: சிரிச்சாரு. அந்தப் பிரெஞ்சு மனுசன் தமிழ் பேசுனா பாடப் புஸ்தகம் பேசுற மாதிரி இருக்குமே... "பங்கிராசு, மாஸ்டரும் மேஸ்திரியும் உடன்பிறந்தவர்கள் அல்லவா?"ன்னாரு.

சூசைமேரி: அது எப்படி?

பங்கிராஸ்: மேஸ்திரிங்கிறது நம்ம வார்த்தையே இல்லையாம். போர்த்துக்கீசியர் கப்பல்ல கொண்டாந்து எறக்குனதாம். அவுக ஊருல மெஸ்த்ரெ. இங்கிலீசுல மாஸ்டர். அதே வார்த்தை தேஞ்சு மிஸ்டர். ஜெர்மன்ல மைஸ்டர்...

சூசைமேரி: நிறுத்துங்க. பொண்ணு விசயம் எங்க போச்சு?

பங்கிராஸ்: வரும், கேளு. இத்தாலியில சங்கீத வித்துவானை மயெஸ்த்ரோன்னுவாகளாம். சாமி ஊருல வக்கீலை மேத்ருன்னுவாகளாம். ஸ்பெயின்ல... அங்கதான் என்னையக் குழியில தள்ளுனாரு... பள்ளிக்கூடத்து வாத்தியாரும் மயெஸ்த்ரோ, கட்டட வேலை பாக்குற மேஸ்திரியும் மயெஸ்த்ரோ. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு!

சூசைமேரி: அப்ப ஸ்பெயின்ல நான் யாரு பொண்டாட்டின்னு எப்படித்தான் சொல்றது?

பங்கிராஸ்: சிரி. நல்லாச் சிரி. எல்லாத்துக்கும் ஆத்தா லத்தீன்தானாம். மாகிஸ்டெர். "மாகிஸ்"னா கூடுதல். கூடுதலானவன், பெரியவன். நான் இருவது வருசமாக் கோயில்ல லத்தீன் பாட்டு எடுத்துக் குடுக்குறேன் மேரி. ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் கேட்டனா? என் எடத்துல ஒரு கிளி இருந்தாக்கூட இந்நேரம் சந்தேகம் கேட்டிருக்கும்.

சூசைமேரி: சரி, அதோட எந்திரிச்சு வந்திருக்கலாம்ல?

பங்கிராஸ்: எனக்குத்தான் விடத் தெரியாதே. ஒன் அண்ணன் சொன்ன மாப்பிள்ளையை எடுத்துவிட்டேன். "சாமி, மெட்ராசுல மினிஸ்டர் பங்களாவுலயே வேலை பாக்குற பையன் ஒருத்தன் இருக்கான்"னேன்.

சூசைமேரி: அந்தப் பையன் அங்க டவாலி போட்ட பியூனுங்க...

பங்கிராஸ்: அதை நான் சொல்லுவனா? ஆனா மினிஸ்டர்னதும் சாமிக்கு இன்னும் சந்தோசம் வந்துருச்சு. "ஆகா! அதுவும் லத்தீன்தான் பங்கிராசு! மீனுஸ் என்றால் குறைவு. மினிஸ்டர் என்றால் குறைந்தவன், ஊழியக்காரன்"னாரு. நீயே கணக்குப் போட்டுப் பாரு. மேஸ்திரி பெரியவன். மினிஸ்டர் வேலைக்காரன். அவருக்கு நம்ம பையன் பியூன்னா...

சூசைமேரி: வேலைக்காரனுக்கு வேலைக்காரன்! அய்யோ... போதுங்க, வயிறு வலிக்குது.

பங்கிராஸ்: மேலயும் அப்படித்தான் சிரிச்சாக. அப்பத்தான் தலையைத் தூக்குனேன். ஓடு இல்ல. வானம் தெரியுது. வானத்துக்கு நடுவுல ரெண்டு மூஞ்சி. ஆண்டவர் எறங்கி வந்து நியாயம் கேக்குற தீர்வை நாளே வந்துருச்சுன்னு நெனைச்சேன்.

சூசைமேரி: அப்புறம்?

பங்கிராஸ்: ரெண்டு பேரும் எறங்கி வந்தாக. நான் ரொம்பப் பெருந்தன்மையா... கேளு, எம்புட்டுப் பெருந்தன்மை... "சரி மேஸ்திரி, ரெண்டு வார்த்தையும் ஒறவுன்னு ஆகிப்போச்சு. பொண்ணைத் தாரேன், போங்க"ன்னேன்.

சூசைமேரி: தாரேன், போங்கன்னா?

பங்கிராஸ்: ஆமா, மிச்சச் சோத்தைப் போடுற மாதிரி. அடைக்கலசாமி துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "வேணாம் மாஸ்டர்"னாரு. "நீங்க லத்தீனுக்காகப் பொண்ணு தாரீங்க. நாளைக்கு வேற ஒரு சாமி வந்து வேற அர்த்தம் சொன்னா எம்மகன் திரும்பச் சின்னவனாயிருவான். நாங்க பொண்ணுதான் கேட்டோம், வார்த்தையைக் கேக்கல"ன்னுட்டு மறுபடியும் ஏணியில ஏறிட்டாரு.

சூசைமேரி: ஆக... வேண்டாம்னு சொல்லப் போன எடத்துல, வேண்டாம்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க.

பங்கிராஸ்: இலக்கணச் சுத்தமாச் சொல்லிட்ட.

சூசைமேரி: அவுக வீட்டுல காப்பி எப்படி இருந்துச்சு?

பங்கிராஸ்: ...எவுக வீட்டுல?

சூசைமேரி: சும்மா கேட்டேன்.

பங்கிராஸ்: நான் அங்கிட்டுப் போனது ஒனக்கு எப்படித் தெரியும்?

சூசைமேரி: பேசுனா சுக்கு வாசம் வருது. நம்ம வீட்டுல ஏது சுக்குக் காப்பி? மறைக்காமச் சொல்லுங்க. ஏன் போனீங்க?

பங்கிராஸ்: திரும்பி வாரப்போ கொஞ்ச தூரம் எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் சிரிப்பு வரல. எங்கப்பா மண்ணு சுமந்தவருன்னு ஒனக்குத் தெரியும்ல?

சூசைமேரி: தெரியும்.

பங்கிராஸ்: ஒரு மேஸ்திரிகிட்டதான் சுமந்தாரு. அந்த ஆளு எங்கப்பாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "ஏய், கூடை"ன்னுதான் கூப்பிடுவான். எங்கப்பாவும், "இந்தா வந்துட்டேன் மேஸ்திரி"ன்னு ஓடுவாரு. லத்தீன்ல என்ன அர்த்தமோ இருந்துட்டுப் போகட்டும். எங் காதுல அந்த வார்த்தைக்கு அந்த ஆளோட கொரல்தான் அர்த்தம். அதைக் கேக்கக் கூடாதுன்னுதான் விழுந்து விழுந்து படிச்சேன்.

சூசைமேரி: இத்தனை வருசத்துல எங்கிட்டக்கூட இதைச் சொல்லலையே.

பங்கிராஸ்: அடைக்கலசாமிகிட்ட சொன்னேன். அப்பனும் மகனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாக. அவுக சம்சாரம் சுக்குக் காப்பியைக் கொண்டாந்து வச்சாக. நான் சொல்லி முடிச்சதும் அவரு தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சுண்ணாம்பு தின்ன கை. அப்புறமா, "எங்கப்பனும் கூடைதான் மாஸ்டர். எங்கிட்ட வேலை பாக்குற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்"னாரு.

சூசைமேரி: ...நீங்க என்ன சொன்னீங்க?

பங்கிராஸ்: எந்திரிச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "எம்மகளுக்கு ஒங்க மகனைக் குடுங்க"ன்னு கேட்டேன்.

சூசைமேரி: நீங்களா?

பங்கிராஸ்: நானேதான். கேட்டுட்டேன். அதுக்கு அந்தப் பய சவரிராசு என்ன சொன்னான் தெரியுமா? "ஜெபமாலைகிட்ட கேட்டீங்களா மாமா?"ன்னான்.

சூசைமேரி: மாமான்னா சொன்னான்?

பங்கிராஸ்: அதுவே எனக்குத் தெருவுக்கு வந்தப்புறம்தான் ஒறைச்சுச்சு. நடந்துக்கிட்டே கணக்குப் போட்டுப் பாத்தேன். சாமியாரைக் கேட்டாச்சு. ஒன் அண்ணனைக் கேட்டாச்சு. இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் எல்லாத்தையும் கேட்டாச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற பிள்ளையைக் கேக்கல. நான் பெரிய மாகிஸ்டெர்! ஆத்தா ஜெபமாலை... இங்கிட்டு வா.

ஜெபமாலை: என்னப்பா?

பங்கிராஸ்: இப்படி ஒக்காரு. அந்தச் சவரிராசைக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேண்டாம். அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஜெபமாலை: அம்மா...

பங்கிராஸ்: ஏன் அம்மா மூஞ்சியைப் பாக்குற? என்னையப் பாத்துச் சொல்லு.

சூசைமேரி: சொல்லிரு ஆத்தா. ஒங்கப்பா இன்னிக்கு ரொம்பப் பட்டுட்டாரு.

பங்கிராஸ்: என்னத்தைச் சொல்லணும்? ரெண்டு பேரும் என்ன மறைக்கிறீங்க?

சூசைமேரி: நேத்து சாயங்காலம் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, நான் அவுக வீட்டுக்குத்தாங்க போனேன். இவ சொல்லிவிட்டதைச் சொல்லிட்டு வந்தேன்.

பங்கிராஸ்: இவ என்ன சொல்லிவிட்டா?

ஜெபமாலை: கோவப்படாதீங்கப்பா... "எங்கப்பா போனாப் போகுதுன்னு தாரேன்னு சொன்னா ஒடனே தலையாட்டிராதீங்க, வேண்டாம்னுருங்க, அப்புறம் அவரே ஒங்க வீட்டுக்கு வந்து கேப்பாரு"ன்னு சொல்லிவிட்டேன். அப்படிக் குடுத்தீங்கன்னா அந்த வீட்டுல நான் ஆயுசுக்கும் மாஸ்டர் மகளாத்தான் இருப்பேன், மருமகளா இருக்க முடியாது. "மாஸ்டராவது, எங்க வீட்டுக்கு வந்து கேக்குறதாவது"ன்னு அடைக்கலசாமி மாமா நம்பவே இல்லையாம்... நான்தான், "எங்கப்பாவை எனக்குத் தெரியும், வருவாரு"ன்னு அம்மாகிட்ட சொன்னேன்.