கிழிக்கக் கூடாத சீட்டு

பசை நல்லதாக இருந்தால் ஒரு சீட்டு இருநூறு வருஷம் ஆனாலும் உரியாது. உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் அதன் பெயரை எழுதிய சீட்டை ஒட்டுவோம். பெயர் தப்பு என்று பின்னால் வருகிறவர் கண்டால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார். சரியான பெயரை எழுதி அதன் கீழே ஒட்டுவார். தாவரக் காப்பகத்தில் முறை அதுதான். அதனால் ஒருவன் செய்த தப்பு அவன் கையெழுத்தோடு அப்படியே கிடக்கும், எடுத்துப் பார்க்கிற எல்லாருக்கும்.

என் சீட்டுகளின் கீழே ஒட்டியவர் குன்வோர். எங்கள் மேசைகள் எதிரெதிரே. "கேரட்டைக் கையில குடுத்தாலும் ஹெல்மர் முள்ளங்கின்னுதான் எழுதுவான்" என்று காபி வேளையில் எல்லார் முன்னாலும் சொல்லுவார். நானும் சிரிப்பேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, இன்ஸ்பெக்டர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானாகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது ஒரே ஒரு செடிக்குத்தான். சதுப்பில் வளரும் சின்னக் கோரை. ஏழு வயதில் போய்விட்ட என் மகள் சிக்னேயின் பெயரை அதற்கு வைத்தேன். குன்வோர் ஓய்வு பெற்று, பார்வையும் போன பிறகு, ஸ்வீடனின் செடிகளை வகைப்படுத்தும் புத்தகம் ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுதுவித்துக்கொண்டிருந்தார். கோரைகளின் அத்தியாயம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். என்னுடையது தனி இனமே இல்லையாம். நிழலில் வளர்ந்து இளைத்துப்போன பழைய கோரைதானாம். அந்தப் பெயர் இனிச் செல்லாது.

ஒரு வரியாவது விட்டுவையுங்கள் என்று கேட்டேன்.

"பிள்ளைக்குக் கல்லறை இருக்குல்ல, ஹெல்மர்? பேரை அங்க எழுதிக்கோ" என்றார்.

நியாயமான பேச்சுதான்.

வியாழக்கிழமை என்றால் ஸ்வீடனில் எல்லார் வீட்டிலும் பட்டாணி சூப், கூடவே பான்கேக். குன்வோர் தனியாக இருக்கிறவர் என்று வாராவாரம் நான் போய்க் கூட உட்கார்ந்து சாப்பிடுவேன். அடுத்த வியாழன் ஒரு கிழங்கு கொண்டுபோனேன். கேரட், சோம்பு எல்லாம் ஒரே குடும்பம். எந்தக் குடும்பத்திலும் ஒருவன் கெட்டவனாக இருப்பானே, அதுபோல இதிலும் ஒன்று மேலாரன் ஏரிக்கரைச் சேற்றில் வளர்கிறது. வாசனை சமையல் கிழங்கின் வாசனைதான். குறுக்கே வெட்டினால் உள்ளே அறை அறையாக இருக்கும், விரலுக்கே தெரிந்துவிடும். அதனால் நானே பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்தேன்.

முகர்ந்து பார்த்தார். "இது என்ன?"

"பாஸ்டினாக்கா." தோட்டத்துக் கிழங்கின் லத்தீன் பெயரைச் சொன்னேன்.

முகத்தை என் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் முகர்ந்தார். தெரிந்துகொண்டாரோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. பிறகு, "உன் வாயால ஒரு பேராவது சரியா வந்துச்சே" என்று சொல்லி, அவரே சட்டியில் போட்டார். வயிறு சரியில்லை என்று நான் பான்கேக் மட்டும் சாப்பிட்டேன்.

கோரை அத்தியாயம் பாதியில் நிற்கிறது. சிக்னே இருக்கிறாள்.

நான் சொன்ன பெயர்களில் குன்வோர் திருத்தாமல் விட்டது பாஸ்டினாக்கா ஒன்றுதான். நான் இதைப் பெயர்ப்பிழை என்கிறேன். நீங்கள் கொலை என்கிறீர்கள், இருக்கட்டும். என் சீட்டைக் கிழிக்காமல், உங்களுடையதை அதன் கீழே ஒட்டுங்கள்.