குழாயில் வைத்த கை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் அண்ணி அவர்களே, கழுவியும் போகாத கிரீஸ் கையோடு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, ஓட்டுநர்களே, உதிரிபாகக் கடைக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் வண்டிக்கு ஒயரிங் பார்ப்பவன். எனக்கு வருவது கோபம் ஒன்றுதான், அது உங்களுக்கே தெரியும். பட்டறையில் நான் கத்த ஆரம்பித்தால் என்னை அடக்க ஒரே ஒரு சொல் இருந்தது. "பொறு." அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் இப்போது படமாகி எனக்குப் பின்னால் இருக்கிறார். இனி என்னை யார் அடக்குவது?

பொறுங்கண்ணன்! பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொறுங்கண்ணன் என்று கேட்டால் பால்காரரே வழி சொல்வார். அந்தப் பெயர் ஏன் வந்தது? எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை அது மூடியிருக்கும். சூடு ஏறியதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். எங்கள் பட்டறையில் அதற்கு 'வாய்' என்று பெயர். வாய் திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே கொதித்துச் சாகும்.

அது திறக்கிறதா இல்லையா என்று அண்ணன் எப்படிப் பார்ப்பார்? குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். சூடு காட்டும் முள் ஏறும், குழாய் ஜில்லென்றே இருக்கும். வண்டிக்காரர் பொறுமை இழந்து குதிப்பார். "பொறுங்க, சூடு வந்தாத்தான் உண்மை வரும்" என்பார் அண்ணன். திடீரென்று குழாய் சுடும். வெடுக்கென்று கையை எடுத்து, "வாய் திறந்துடுச்சு" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலைப்பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி இருப்பார்.

ஒருமுறை சந்தேகப்பட்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்கே கொண்டு போனார். அண்ணி பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அது திறக்கிறதா என்று அடுப்படியில் காவல் நின்றார். அண்ணி பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இரும்ப வேக வெச்சிருக்கீங்களே, ராத்திரிக்கு அதையே சாப்பிடுங்க." மறுநாள் பட்டறைக்கு வந்து அண்ணனே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணி, அந்தப் பாத்திரம் இன்னும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது.

அவர் குழாயில் கை வைத்துவிட்டால் யாரும் பேசக்கூடாது. இது பட்டறைச் சட்டம். அவர் போட்ட சட்டம் அல்ல, நாங்களாகவே போட்டுக்கொண்டது. பேச்சுக் கொடுத்தால் கவனம் சிதறும் என்று, அவர் அருகே போகும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்போம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம்.

இந்தக் கூட்டத்தில் நர்ஸம்மா இருக்கிறார். பிரசவம் பார்க்க வீடு வீடாகப் போகிறவர். அவர் வண்டி பாதி வழியில் கொதித்து நின்றுகொண்டே இருந்தது. வேறு இடங்களில் ரேடியேட்டரை மாற்றினார்கள், தண்ணீர் பம்பை மாற்றினார்கள், கடைசியில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். அண்ணன் குழாயைத் தொட்டார், காத்திருந்தார். முள் உச்சிக்குப் போனது, குழாய் ஜில்லென்று கிடந்தது. "எஞ்சின் நல்லாத்தாம்மா இருக்கு. வாய்தான் திறக்கல" என்றார். மறுநாள் காலை புது தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்து மாட்டினார்.

அன்று காலை வரும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். என்னண்ணே என்று கேட்டேன். "வாயுப் பிடிப்புடா. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." ஊரார் வண்டிக்கெல்லாம் பொறுத்திருந்து நோய் கண்டவர் தன் நெஞ்சுக்கு மட்டும் ஏன் இப்படி அவசரத் தீர்ப்பு எழுதினார்? எனக்கு ஆறவே இல்லை.

மாட்டி முடித்ததும் நர்ஸம்மா வண்டியை ஓடவிட்டார். முழங்கையை ஊன்றிக் குனிந்தார், குழாயில் கையை வைத்தார். நாங்கள் சத்தம் போடாமல் எங்கள் வேலையைப் பார்த்தோம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போனேன், வந்தேன். டயர்காரர் போனார், வந்தார். வாய் திறக்கக் காத்திருக்கிறார் என்றே நினைத்தோம். அப்புறம் ரேடியேட்டர் காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. காற்றாடி சுற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் கையை எடுக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தொட்டேன். குழாய் சுட்டது. அண்ணன் நெற்றி ஜில்லென்று கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "யாருமே ஒரு தடவைகூடக் கூப்பிடலையா?"

அன்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று சபையறியச் சொல்கிறேன். இல்லை அண்ணி. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இனி வாழ வேண்டும். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் ஒரு வாக்குத் தரலாம். தோழர்களே, எழுந்து நில்லுங்கள். நாளை முதல் பட்டறை திறக்கும். அவர் பார்த்ததுபோலவே, அவசரப்படாமல், பொறுத்திருந்து பார்ப்போம். நல்ல எஞ்சினை மாற்றச் சொல்லி யாரையும் அலைக்கழிக்க மாட்டோம். அந்தப் பழைய சட்டத்தை மட்டும் இன்றோடு கிழித்துப் போடுகிறோம். இனி எங்கள் பட்டறையில் யார் குழாயில் கை வைத்தாலும், பக்கத்தில் போகிற ஒவ்வொருவரும் நின்று கூப்பிட வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

நர்ஸம்மா இந்தக் கூட்டத்துக்கு அதே வண்டியில்தான் வந்திருக்கிறார். வழியில் கொதிக்கவில்லை.

அண்ணே, அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். வாய் திறந்துடுச்சாண்ணே?

திறந்துடுச்சுண்ணே. நான் தொட்டுப் பார்த்தேன். நீங்க கையை எடுக்கலாம்.